பழைய காமிக்ஸ் புத்தகத்தில் பணம் போடலாமா? ஒரு வியாபாரக் கணக்கு



சென்ற மாதம் நமது மண்டிக்குச் சரக்கு எடுக்க வந்த மளிகைக் கடைக்காரர் ஒருவர், சிட்டையைக் கொடுத்துவிட்டு வழக்கம்போல் கிளம்பாமல் பெஞ்சில் உட்கார்ந்துகொண்டார். இருபது வருஷத்துக்கு மேலாக நம்மிடம் வாங்குகிறவர். நாணயமானவர். "அண்ணாச்சி, ஒரு யோசனை கேட்கணும்" என்றார்.

அவர் கடை இருக்கும் தெருவின் முனையிலேயே பெரிய கம்பெனிக் கடை ஒன்று வந்துவிட்டது. போதாக்குறைக்குச் செல்போனில் சொன்னால் பத்து நிமிஷத்தில் பருப்பும் எண்ணெயும் வீட்டு வாசலுக்கு வருகின்றன. வியாபாரம் பாதியாகிவிட்டது. ஊரில் இருந்த மனையை விற்றதில் 10 லட்சம் ரூபாய் கைக்கு வந்திருக்கிறது. "இதைக் கடையில் போட்டால் கரைந்துவிடும் அண்ணாச்சி. அமெரிக்காவில் பழைய காமிக்ஸ் புத்தகம் ஒன்று 80 கோடி ரூபாய்க்குப் போனதாம். இப்போது வாங்கி வைத்தால் பிற்காலத்துக்கு ஆகும் என்று பையன் சொல்கிறான். போடலாமா?" என்றார்.

சிரித்து அனுப்பிவிடக்கூடிய கேள்வி அல்ல இது. பையன் சொன்ன செய்தி உண்மை. கேட்டவர் நிலையும் நம்மில் பலருடைய நிலைதான். கடையில் லாபம் குறையக் குறைய, வேறு எதிலாவது பணத்தைப் போட்டுப் பிழைக்கலாமா என்று மனம் அலைகிறது. ஆகவே இந்தச் சரக்கை ஒரு வியாபாரியின் கண்ணோடு ஆராய்ந்து பார்த்தோம். அதில் தெரிந்ததை நம் சங்க உறுப்பினர்கள் எல்லோருக்கும் பயன்படும் என்று இங்கே எழுதுகிறோம்.

சரக்கு என்ன? விலை ஏன்?

அந்தச் செய்தியை முதலில் பார்ப்போம். 2025 நவம்பரில் அமெரிக்காவின் டெக்சாஸ் மாநிலத்தில் உள்ள ஹெரிடேஜ் ஏல நிறுவனத்தில், 1939இல் வெளிவந்த 'சூப்பர்மேன்' முதல் இதழின் ஒரு பிரதி 91 லட்சத்து 20 ஆயிரம் டாலருக்கு ஏலம் போயிற்று. நம் பணத்தில் ஏறத்தாழ 80 கோடி. அதுவரை பொது ஏலத்தில் காமிக்ஸ் புத்தகங்களுக்குக் கிடைத்த விலைகளில் அதுவே உச்சம். தாயார் காலமான பிறகு, அவருடைய கலிபோர்னியா வீட்டுப் பரணில், பழைய பத்திரிகைகளுக்கு அடியில் ஓர் அட்டைப் பெட்டிக்குள் இருந்து பிள்ளைகள் எடுத்த புத்தகம் அது.

இந்த வியாபாரத்துக்கே தலையாய சரக்கு இன்னொன்று உண்டு. 1938 ஜூன் மாதத் தேதியிட்டு வந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ். சூப்பர்மேன் முதன்முதலில் தோன்றியது இதில்தான். அன்றைய விலை 10 சென்ட். சூப்பர்மேனை உருவாக்கிய ஜெர்ரி சீகல், ஜோ ஷூஸ்டர் என்ற இரண்டு இளைஞர்களும் தங்கள் உரிமையை 130 டாலருக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்கள். படைத்தவர்களே அதன் மதிப்பை அறியாத காலம் அது.

அந்த இதழ் சுமார் 2 லட்சம் பிரதிகள் அச்சானது. இன்று மிஞ்சியிருப்பது 100 பிரதிகள் அளவில்தான் இருக்கும் என்பது விவரம் அறிந்தவர்கள் மதிப்பு. அதாவது 2,000 பிரதிக்கு ஒன்று. மற்றவை எங்கே போயின? பிள்ளைகள் படித்துக் கிழித்தார்கள். தாய்மார்கள் குப்பையில் போட்டார்கள். இரண்டாம் உலகப் போரின்போது பழைய காகிதம் திரட்டும் இயக்கம் நடந்தது. மூட்டை மூட்டையாக அதில் போய்ச் சேர்ந்தன. அந்தக் காகிதமும் மட்டமானது. மரக்கூழில் செய்த செய்தித்தாள் ரகம். அதில் உள்ள அமிலம் காகிதத்தைத் தானே பழுப்பாக்கி, ஓரம் பொடியச் செய்துவிடும்.

இங்கே ஒரு விஷயத்தை மனதில் இருத்திக்கொள்ள வேண்டும். அந்தப் புத்தகம் அரிதானது யாரும் பாதுகாக்காததால். நாளைக்கு விலை போகும் என்று ஒருவர்கூட நினைக்காததால்தான் இன்றைக்கு அந்த விலை. இதை வைத்தே பின்னால் வரும் கதை முழுவதும் விளங்கும்.

தரம் பிரித்தல்

ஏலக்காயில் ஒரு மில்லிமீட்டர் பருமன் கூடினால் விலை மாறுவது நமக்குத் தெரியும். மிளகாய் வற்றலில் காம்பு, நிறம், ஈரம் பார்த்து விலை சொல்லுகிறோம். காமிக்ஸிலும் அப்படியே.

2000ஆம் ஆண்டில் சி.ஜி.சி. என்ற நிறுவனம் அமெரிக்காவில் தொடங்கப்பட்டது. கட்டணம் வாங்கிக்கொண்டு புத்தகத்தைப் பரிசோதித்து, 0.5 முதல் 10 வரை ஒரு தர எண் கொடுத்து, பிளாஸ்டிக் பெட்டிக்குள் வைத்து மூடி முத்திரையிட்டு அனுப்புவார்கள். பின் துருப்பிடித்திருக்கிறதா, முதுகில் மடிப்பு விழுந்திருக்கிறதா, உள்தாள் வெள்ளையா பழுப்பா என்று எல்லாம் பார்ப்பார்கள். கிழிசலை ஒட்டி, நிறம் பூசி 'புதுசு' செய்திருந்தால் மதிப்பு குறைந்துவிடும்.

இந்த எண்ணில் அரைப் புள்ளி எவ்வளவு பணம் என்பதற்கு ஓர் உதாரணம். 2010 பிப்ரவரியில் 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் 8.0 தரப் பிரதி 10 லட்சம் டாலருக்கு விற்றது. அடுத்த மாதமே 8.5 தரப் பிரதி 15 லட்சம் டாலருக்கு விற்றது. அரைப் புள்ளிக்கு 5 லட்சம் டாலர்! இந்தத் தரத்தைக் கண்ணால் பார்த்துச் சொல்ல நம்மால் முடியுமா? பருப்பை உள்ளங்கையில் அள்ளிப் பார்த்தால் நமக்குத் தெரிகிறது. அது நாற்பது வருஷப் பழக்கம். இதில் நாம் பிறர் ஒட்டிய சீட்டை நம்பித்தான் வாங்க வேண்டும்.

அந்தச் சீட்டிலும் வில்லங்கம் வந்தது. 2023 முடிவில், பெட்டியைத் தந்திரமாகப் பிரித்து, நல்ல பிரதி இருந்த இடத்தில் தரம் குறைந்த பிரதியை வைத்து ஏமாற்றியது அங்கே வெளியாகிப் பெரிய பரபரப்பானது. முத்திரையிட்ட எண்ணெய் டின்னில் கலப்படம் வந்தால் வாங்கியவர் கதி என்னவோ, அதே கதிதான்.

கடைக்காரர்கள் மாட்டிக்கொண்ட கதை

இனிச் சொல்லப் போவதைச் சில்லறைக் கடை நடத்தும் ஒவ்வொருவரும் கவனமாகப் படிக்க வேண்டுகிறோம். காமிக்ஸ் முதலீட்டால் அதிகம் அடிபட்டது சேகரிப்போர் அல்லர். நம்மைப் போன்ற சிறு கடைக்காரர்கள்.

முன்பு அமெரிக்காவில் காமிக்ஸ் இதழ்கள் பெட்டிக்கடைகளிலும் மருந்துக்கடைகளிலும் விற்றன. விற்காததைத் திருப்பிக் கொடுத்துவிடலாம். 1970களில் பில் சூலிங் என்பவர் ஒரு புதிய ஏற்பாட்டைக் கொண்டுவந்தார். கடைக்காரருக்குக் கூடுதல் டிஸ்கவுண்ட் கிடைக்கும். ஆனால் ரிட்டர்ன் கிடையாது. விற்றாலும் விற்காவிட்டாலும் சரக்கு கடைக்காரருடையது. இந்த ஏற்பாட்டினால் காமிக்ஸ் மட்டுமே விற்கும் கடைகள் ஆயிரக்கணக்கில் தோன்றின. ஆரம்பத்தில் எல்லோருக்கும் லாபமாகவே இருந்தது. விற்காததைப் பழைய இதழ் என்று பெட்டியில் வைத்து, பின்னால் கூடுதல் விலைக்கு விற்றார்கள்.

பிறகு பழைய இதழ்களின் விலை பத்திரிகைகளில் அடிபட ஆரம்பித்தது. 10 சென்ட் புத்தகம் ஆயிரக்கணக்கான டாலருக்குப் போகிறது என்ற செய்தி பரவியதும், காமிக்ஸ் படிக்காதவர்கள்கூட வாங்க வந்தார்கள். படிக்க ஒன்று, பத்திரமாய் வைக்க ஒன்று, விற்க மூன்று என்று ஒரே இதழில் ஐந்து பிரதி வாங்கினார்கள். வெளியீட்டாளர்களும் சும்மா இருக்கவில்லை. ஒரே இதழுக்கு ஐந்து விதமான அட்டை போட்டார்கள். ஜிகினா அட்டை, உருவம் மாறித் தெரியும் ஹோலோகிராம் அட்டை, உறை பிரிக்காமல் வைத்தால்தான் மதிப்பு என்று பிளாஸ்டிக் உறை. உள்ளே கதை என்ன என்று கேட்பாரில்லை.

1991இல் மார்வெல் நிறுவனம் வெளியிட்ட 'எக்ஸ்-மென்' புதிய வரிசை முதல் இதழ் 81 லட்சம் பிரதிகளுக்கு மேல் போனது. உலக சாதனை. 1992 நவம்பரில் சூப்பர்மேன் இறந்துபோவதாக ஒரு கதை வந்தது. 'சூப்பர்மேன்' 75ஆம் இதழ். துக்கத்துக்கு அடையாளமாகக் கறுப்பு உறையில் போட்டு 2.50 டாலருக்கு விற்றார்கள். கடை வாசலில் வரிசை நின்றது. எல்லாப் பதிப்பும் சேர்ந்து 60 லட்சம் பிரதிகள் அளவுக்குப் போயின.

இந்த 81 லட்சத்தையும் 60 லட்சத்தையும் வியாபாரிகளாகிய நாம் எப்படிப் படிக்க வேண்டும்? அவை கடைக்காரர்களுக்குப் போன எண்ணிக்கை. வாசகர் கைக்குப் போன எண்ணிக்கை அல்ல. கம்பெனிக்காரர் மார்ச் மாதக் கடைசியில் டீலர் தலையில் சரக்கை இறக்கிவிட்டு 'சேல்ஸ் ஆயிற்று' என்று கணக்கு எழுதுவதை நாம் அறிவோம். ரிட்டர்ன் இல்லாத ஏற்பாட்டில், அச்சகத்தை விட்டு வெளியேறிய கணமே வெளியீட்டாளருக்கு விற்பனை முடிந்துவிட்டது. கடைக்காரருக்கோ அப்போதுதான் ஆரம்பம்.

ஆர்டரும் இரண்டு மூன்று மாதம் முன்கூட்டியே கொடுக்க வேண்டும். போன மாதம் 50 போதாமல் போனதே என்று இந்த மாதம் 200 எழுதுவார். சரக்கு வந்து இறங்கும்போது கூட்டம் போயிருக்கும். ஆனாலும் பில்லுக்குப் பணம் கட்டியே ஆக வேண்டும்.

அதுதான் 1993 முதல் நடந்தது. வாங்கி வைத்தவர்கள் விற்கப் போனார்கள். கடைக்காரர் தம் பின்னறையைக் காட்டினார். அங்கே அதே இதழ் நூற்றுக்கணக்கில் உறை பிரிக்காமல் கிடந்தது. ஆளுக்கு ஐந்து பிரதி பத்திரமாக வைத்திருக்கும் சரக்கு எப்படி அரிதாகும்? மழை நின்றதும் குடை வியாபாரம்போல எல்லாம் சட்டென்று நின்றுபோனது. அடுத்த சில ஆண்டுகளில் ஆயிரக்கணக்கான காமிக்ஸ் கடைகள் மூடப்பட்டன. மொத்த விநியோகஸ்தர்களும் ஒவ்வொருவராக விழுந்து, கடைசியில் டயமண்ட் என்ற ஒரே விநியோகஸ்தர் மட்டும் பெரிய அளவில் மிஞ்சினார். 1996 டிசம்பரில் மார்வெல் நிறுவனமே திவால் மனு கொடுத்தது. மிஞ்சிய டயமண்டும் 2025 ஜனவரியில் திவால் பாதுகாப்பு கேட்டு நீதிமன்றம் போனது.

கறுப்பு உறைப் புத்தகம் இன்று என்ன விலை? பிரிக்காத உறையோடு இருந்தாலும் சில டாலர், மிஞ்சினால் 20 டாலர் அளவு. 'எக்ஸ்-மென்' முதல் இதழும் சில டாலருக்குக் கிடைக்கிறது. 33 வருஷம் தூசி படாமல் காத்ததற்குக் கூலி அவ்வளவுதான். அந்த 2.50 டாலரை நூற்றுக்கு 5 வட்டிக்குப் போட்டிருந்தாலே இன்று 12 டாலருக்கு மேல் ஆகியிருக்கும்.

நாமும் ஒரு வருஷம் இப்படி மாட்டியதுண்டு. மிளகாய் வற்றல் விலை ஏறுகிறது என்று எல்லோரும் சொல்ல, 200 மூட்டை வாங்கிக் குளிர்பதனக் கிடங்கில் போட்டோம். கிடங்கு முழுக்க நம்மைப் போலவே யோசித்தவர்களின் மூட்டைகள் என்பது, விற்கப் போனபோதுதான் தெரிந்தது. கிடங்கு வாடகையும் வட்டியும் போக, முதலுக்கே மோசமாயிற்று.

முதல் தரச் சரக்கின் உண்மையான லாபம்

"அது மலிவுச் சரக்கு, நல்ல பழைய சரக்கு அப்படியா?" என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆகவே இந்த வியாபாரத்தின் தலையாய சரக்கையே எடுத்துக் கணக்குப் பார்ப்போம்.

'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழின் 8.5 தரப் பிரதி 2010இல் 15 லட்சம் டாலர். அதே தரப் பிரதி 2018இல் 20 லட்சம் டாலருக்குச் சற்று மேல். 2021 ஏப்ரலில் 32.5 லட்சம். 2024 ஏப்ரலில் அதே தர எண் கொண்ட மற்றொரு பிரதி, நல்ல பெயர் பெற்ற ஒரு சேகரிப்பிலிருந்து வந்தது, 60 லட்சம் டாலர்.

15 லட்சம் 60 லட்சம் ஆகியிருக்கிறது. நான்கு மடங்கு! கேட்கும்போது தலை சுற்றுகிறது. நாம் பயன்படுத்தும் 72 கணக்கைப் போட்டுப் பாருங்கள். 14 ஆண்டில் நான்கு மடங்கு என்றால் 7 ஆண்டுக்கு ஒருமுறை இரட்டிப்பு. 72ஐ 7ஆல் வகுத்தால் ஆண்டுக்கு நூற்றுக்கு 10 சொச்சம் கூட்டு வட்டி. உலகத்திலேயே உயர்ந்த காமிக்ஸ் சரக்கு கொடுத்தது இவ்வளவே.

இதிலும் செலவு கழிக்க வேண்டும். அந்த 60 லட்சத்தில் ஏல நிறுவனம் வாங்குவோரிடம் வசூலிக்கும் நூற்றுக்கு 20 அடங்கும். சுத்தியல் தட்டிய விலை 50 லட்சம்தான். விற்றவர் கணக்கு அதிலிருந்துதான் தொடங்கும். அமெரிக்காவில் சேகரிப்புப் பொருள்களை ஓராண்டுக்கு மேல் வைத்து விற்ற லாபத்துக்கு உச்ச வரி நூற்றுக்கு 28. பங்குகளுக்கு அது 20தான். 15க்கு வாங்கி 50 கைக்கு வந்து, 35 லாபத்துக்கு 28 வீதம் வரி கட்டினால் மிஞ்சுவது 40 லட்சம். ஆண்டுக் கணக்கில் நூற்றுக்கு 7 சொச்சம். இன்சூரன்ஸ், பெட்டகம், தரச் சான்றுக் கட்டணம் எல்லாம் இன்னும் கழிக்கவில்லை.

அதே 14 ஆண்டில் அமெரிக்கப் பங்குகளின் எஸ் அண்ட் பி 500 குறியீடு 1,200க்குக் கீழே இருந்து 5,000க்கு மேலே போனது. அதுவும் நான்கு மடங்குக்கு மேல்தான், டிவிடெண்ட் தனி. அதற்குப் பெட்டகம் தேவையில்லை. 100 டாலர் வைத்திருப்பவரும் சேரலாம். தேவைப்பட்டால் மறுநாளே விற்கலாம்.

இன்னொன்றையும் கவனியுங்கள். 2010இல் 15 லட்சம் கொடுத்து 2018இல் 20 லட்சத்துக்கு விற்றவருக்கு ஆண்டுக்கு நூற்றுக்கு 4தான் கிடைத்திருக்கும். 2018இல் வாங்கி 2021இல் விற்றவருக்கு மூன்றே ஆண்டில் நூற்றுக்கு 60 லாபம். சரக்கு ஒன்றுதான். ஊரடங்குக் காலத்தில் வீட்டில் அடைபட்டவர்கள் கையில் பணமும் பொழுதும் இருந்தன; 2021, 2022இல் சேகரிப்புப் பொருள்கள் எல்லாவற்றுக்கும் விலை ஏறியது. பிறகு நடுத்தரக் காமிக்ஸ் சரக்குகளின் விலை வெகுவாக இறங்கியது. ஏற்றத்தின் நுனியில் வாங்கியவர்கள் இன்னும் காத்திருக்கிறார்கள். ஒரு பாத்திரத்தை வைத்துச் சினிமா வரப்போகிறது என்றால் அது முதலில் தோன்றிய இதழ் ஏறும். படம் வந்து போனதும் இறங்கும். இது முகூர்த்தக் காலத்து மல்லிகைப்பூ விலை.

திருட்டுப் பயமும் உண்டு. நிக்கோலஸ் கேஜ் என்ற பிரபல நடிகர் வைத்திருந்த 'ஆக்‌ஷன் காமிக்ஸ்' முதல் இதழ் 2000இல் களவு போய், 2011இல்தான் கிடைத்தது. அவ்வளவு பெயர் பெற்ற புத்தகத்துக்கே பதினோரு வருஷம்.

நம் ஊர் காமிக்ஸ்

"முத்து காமிக்ஸ் பழைய புத்தகத்துக்குக்கூட நல்ல விலையாமே?" என்றும் அந்தக் கடைக்காரர் கேட்டார். உண்மைதான். சிவகாசியிலிருந்து முத்து காமிக்ஸ் 1972இல் தொடங்கியது. முதல் இதழ் 'இரும்புக்கை மாயாவி'. 1984இல் லயன் காமிக்ஸும் ராணி காமிக்ஸும் வந்தன. சிறு வயதில் அவற்றைப் படித்தவர்கள் இன்று ஐம்பது, அறுபது வயதில் கையில் காசோடு இருக்கிறார்கள். அந்தப் பழைய இதழ்களுக்குச் சேகரிப்போர் நூற்றுக்கணக்கிலும், சிலவற்றுக்கு ஆயிரக்கணக்கிலும் கொடுக்கிறார்கள்.

அவை ஏன் அரிதாயின என்று நம்மைவிட யாருக்குத் தெரியும்? நாம்தானே எடைக்கு வாங்கிக் கிழித்தோம்! மாயாவியின் பக்கத்தில் கடுகும், மறுபக்கத்தில் சீரகமும் பொட்டலம் கட்டிக் கொடுத்த கைகள் இவை. பாலிதீன் பை வரும்வரை பழைய புத்தகம் நமக்குக் கடைச் சாமான். அமெரிக்காவில் போர்க்காலக் காகிதச் சேகரிப்பு செய்த வேலையை இங்கே மளிகைக் கடைகள் செய்தன.

ஆனால் இதையும் முதலீடு என்று சொல்வதற்கில்லை. தரம் பார்த்து முத்திரையிட ஊரறிந்த அமைப்பு இங்கே இல்லை. வாங்குவோர் எண்ணிக்கையும் சிறிது. விரும்பிக் கேட்கும் கதைகளை வெளியீட்டாளரே நல்ல தாளில் மறுபதிப்புப் போடும்போது, கதைக்காக மட்டும் தேடியவர் புதியதை வாங்கிக்கொண்டு போய்விடுவார். பழைய அட்டைக்காக ஏங்குகிறவர் மட்டும் மிஞ்சுவார். அவருக்கும் வயதாகிறது. அடுத்த தலைமுறைக்கு அந்த ஏக்கம் இருக்குமா என்பதே இந்தச் சரக்கின் வருங்காலத்தைத் தீர்மானிக்கும்.

நாம் சொன்ன பதில்

முடிவாக அந்தக் கடைக்காரரிடம் சொன்னதை இங்கேயும் சொல்கிறோம்.

10 லட்சம் ரூபாய்க்கு ஏறத்தாழ 11,000 டாலர் வரும். செய்தியில் வந்த சரக்கு அந்தத் தொகைக்குக் கிடைக்காது. கிடைப்பவை நடுத்தரச் சரக்குகள். ஆயிரக்கணக்கில் பிரதிகள் உள்ளவை, ஏறும்போது கொஞ்சம் ஏறி, இறங்கும்போது முதலில் இறங்குபவை. அங்கே வாங்கி இங்கே கொண்டுவந்தால், நம் ஊர் ஈரக் காற்றிலும் பூச்சியிலும் இருந்து காப்பாற்ற வேண்டும். விற்க மறுபடியும் அங்கேதான் அனுப்ப வேண்டும். போகிற செலவும் வருகிற செலவும் நம்முடையது.

அதைவிட முக்கியமானது ஒன்று. நமது பலம் பெரிய முதல் அல்ல. முதல் புரளும் வேகம். செலவு போக நூற்றுக்கு 3தான் நின்றாலும், அதே பணம் ஆண்டுக்குப் பத்து முறை புரண்டால் 30 ஆகிறது. காமிக்ஸ் புத்தகம் பத்து வருஷத்துக்கு ஒருமுறை புரளும், வாங்குகிறவர் வந்தால். அதற்கு வாடகை வராது, வட்டி வராது, டிவிடெண்ட் வராது. நம்மைவிட அதிகம் கொடுக்க இன்னொருவர் வருவார் என்ற ஒரே நம்பிக்கைதான் அதன் வருமானம். அந்த நம்பிக்கையில் காத்திருக்க வசதி உள்ளவர்கள் காத்திருக்கட்டும். படிக்கவும் பார்க்கவும் ஆசைப்பட்டு, போனாலும் போகட்டும் என்று வாங்குகிறவரை நாம் குறை சொல்லவில்லை. ஆசைக்குக் கொடுத்த விலை நஷ்டமாகாது. நாளைக்கு ஆகும் என்று கடை முதலை எடுத்துப் போடுவது வேறு.

பிறகு அவரிடம், "தம்பி, வெளியே கடன் ஏதும் இருக்கிறதா?" என்று கேட்டோம். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்தார். கடைக்குக் குளிர்பெட்டி வாங்கவும், மேற்கூரை மாற்றவும் நூற்றுக்கு 18 வட்டியில் 4 லட்சம் வாங்கியிருக்கிறார். மூன்று வருஷமாக வட்டி மட்டுமே கட்டி வருகிறார்.

"18 வட்டிக் கடனை இன்றைக்கு அடைத்தால், அது நூற்றுக்கு 18 நிச்சய லாபம். ஏலம் வேண்டாம், தரச் சான்று வேண்டாம், வரி வேண்டாம். நாம் பார்த்த காமிக்ஸ் கணக்கில் இவ்வளவு கொடுத்தது ஒன்றிரண்டு பேருக்கு, ஒன்றிரண்டு வருஷத்துக்கு மட்டும்தான்" என்றோம். மாதம் 6,000 ரூபாய் வட்டி அந்தக் கடையிலிருந்து போய்க்கொண்டிருந்தது. கம்பெனிக் கடையோடு விலையில் போட்டி போட முடியாமல் போனதற்கு அந்த 6,000மும் ஒரு காரணம்.

மீதி 6 லட்சத்தில் பாதியை வங்கியில் வைப்பாகப் போட்டார். பாதியைக் கொள்முதலுக்கு வைத்துக்கொண்டார். இப்போது பருப்பும் எண்ணெயும் ரொக்கத்துக்கு எடுக்கிறார்; ரொக்கத்துக்கு உண்டான தள்ளுபடியை நாமும் கொடுக்கிறோம். தெரு முனைக் கடை அப்படியேதான் இருக்கிறது. அவரும் கடையைத் திறந்து வைத்திருக்கிறார்.

உறுப்பினர்கள் எந்தப் புதுச் சரக்கில் பணம் போடும் முன்பும், அது காமிக்ஸானாலும் வேறு எதுவானாலும், நான்கு கேள்விகளைக் கேட்டுக்கொள்ள வேண்டுகிறோம். இதன் தரம் நமக்குத் தெரியுமா? விற்க நினைத்தால் ஒரு வாரத்தில் வாங்க ஆள் உண்டா? நம்மைப் போல இன்னும் எத்தனை பேர் இதையே பதுக்கி வைத்திருக்கிறார்கள்? கட்ட வேண்டிய வட்டி ஏதாவது வீட்டில் பாக்கி இருக்கிறதா? நான்காவது கேள்விக்கு 'ஆம்' என்று பதில் வந்தால், முதல் மூன்றையும் பிறகு பார்த்துக்கொள்ளலாம்.